விஜயராணிக்கு எட்டு நாள் லீவு

மாலத்தீவு
06.10.2024, ஞாயிறு

அன்புள்ள ராணிக்கு,

யோகராஜ் எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் உன் அப்பாவும் நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன லெட்டர் என்று கேட்பாய். போனில் நீயும் களைத்துப்போய்ப் பேசுகிறாய், நானும் களைத்துப்போய்ப் பேசுகிறேன். "சாப்டியா", "சாப்ட்டேன்", "மழையா", "ஆமா", அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் சண்டை. அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீயும் இப்படியே எழுது. உன் கையெழுத்தைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

விஷயம் இதுதான். இந்தக் கிறிஸ்துமசுக்கு நீ இங்கே வர வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் இந்த ஹோட்டலுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. பதினொரு கிறிஸ்துமசும் ஆம்லெட் கவுண்டரில் நின்றுகொண்டேதான் போனது. காலை ஆறு மணியிலிருந்து பத்தரை வரை முட்டை போடுகிறேன், வெங்காயம் போட்டது, போடாதது, மஞ்சள் கரு இல்லாதது என்று. வெள்ளைக்காரக் குழந்தைகள் தலையில் சிவப்புத் தொப்பியோடு வந்து நிற்கும். என்னையும் ஒரு தொப்பி போடச் சொல்வார்கள். போடுவேன். நீ அதே நேரத்தில் செண்பகனூர்க் காட்டேஜில் யாரோ ஒருவரின் ரூமுக்கு வெந்நீர் தூக்கிக்கொண்டிருப்பாய்.

எனக்கு லீவு மே மாதம். அப்போதுதான் இங்கே மழை, ஆள் வராது. கொடைக்கானலில் அப்போதுதான் சீசன். நான் வீட்டில் இருக்கும் முப்பது நாளும் நீ வெள்ளனே போய் இருட்டின பிறகு வருகிறாய். டிசம்பரில் ரெண்டு பேருக்கும் வேலை. நாம் ரெண்டு பேரும் சேர்ந்து சும்மா இருந்த நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

டிசம்பர் இருபதிலிருந்து இருபத்தெட்டு வரை. காட்டேஜ் முதலாளி முருகானந்தம் சாரிடம் கேட்டுப் பார். டிக்கெட் நான் எடுக்கிறேன்.

உன்
யோகராஜ்


பேத்துப்பாறை
15.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ராணி எழுதுகிறேன். லெட்டரை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் உங்களுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, அதை மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லுங்கள்.

இங்கே பத்து நாளாக மழை. பெட்ஷீட் ஒன்றுகூடக் காயவில்லை. ஐந்து காட்டேஜுக்கு நாற்பது பெட்ஷீட், அத்தனையும் ஈரம். இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தே காய வைக்கிறேன். விருந்தாளிகள் வந்து முகர்ந்து பார்த்து "என்னம்மா ஸ்மெல் வருது" என்கிறார்கள். மலையில் மஞ்சு மூடுகிற ஈர வாசனை வராமல் வேறு என்ன வரும். உங்கள் தீவில் வெயில் என்று சொல்வீர்களே, அங்கே ஒரு பெட்ஷீட் காய எவ்வளவு நேரம் ஆகும்?

பாருங்கள், தீவுக்குக் கூப்பிட்டால் நான் பெட்ஷீட்டைப் பற்றிக் கேட்கிறேன்.

மாமா, டிசம்பரில் லீவு என்பது எங்களிடம் கேட்கக்கூடாத வார்த்தை. போன வருஷம் என்னோடு வேலை செய்யும் ஒய்யம்மாள் தன் நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் கேட்டதற்கு சார் ரெண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு ஏழு ரூமை நான் ஒருத்தி பார்த்தேன். எட்டு நாள் என்று போய் நின்றால் என்ன சொல்வாரோ.

ஆனாலும் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னீர்கள் என்று மதுரைக்கு ரெண்டு தடவை அலைந்து எடுத்தது. ஐந்து வருஷமாகச் சும்மா கெடக்கிறது. அதில் இருக்கிற போட்டோவில் நான் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகக் கேட்கிறேன். கோபிக்காதீர்கள். அந்த எட்டு நாளும் நீங்களும் லீவில் இருப்பீர்களா? நான் அங்கே வந்து ரூமில் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஆம்லெட் போடப் போனால் அதற்கு நான் பேத்துப்பாறையிலேயே இருந்துவிடுவேன். நம் ரெண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லாமல் எட்டு நாள் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கடலெல்லாம் அப்புறம்.

கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, மாமா. பிள்ளை ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். வருஷத்துக்கு முப்பது நாள், அதிலும் பாதி நாள் நான் காலை நீட்டியதும் தூங்கிவிடுகிறேன் என்று யாரிடம் சொல்வது.

உங்கள்
ராணி


மாலத்தீவு
30.10.2024

அன்புள்ள ராணிக்கு,

எனக்கு ஒரு வியாதியும் இல்லை. பயப்படாதே. தீபாவளிக் கூட்டம் வந்திருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ரூம் கிடைத்துவிட்டது. இங்கே ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஆறு பேர் படுக்கிறோம், அது உனக்குத் தெரியும். தனி ரூம் யாருக்கும் தர மாட்டார்கள். மேனேஜரிடம் பேசி வாங்கிவிட்டேன். ஏசி, தனி பாத்ரூம், ஜன்னலைத் திறந்தால் தென்னை மரம். கடல் கொஞ்சம் தள்ளி. சத்தம் மட்டும் கேட்கும்.

என் டூட்டியை மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளலாம்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம். ஒன்றேகால் மணி நேரம்தான். நம் ஊரிலிருந்து வத்தலக்குண்டு இறங்குகிற நேரம்கூட ஆகாது.

இன்னொன்று. உன் அளவு வேண்டும். தோள், நெஞ்சு, இடுப்பு, உயரம், கால் நீளம். டெய்லரிடம் போய்ச் சரியாக எடுத்து அனுப்பு. செருப்பு அளவும் வேண்டும். பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடு.

பெட்ஷீட் இங்கே முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

உன்
யோகராஜ்


பேத்துப்பாறை
12.11.2024

அன்பு மாமா,

ரெண்டு நாள் தாமதம். அளவு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. செண்பகனூர் லேடீஸ் டெய்லரிடம் போனேன். "என்ன தைக்கணும்" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "தெரியாமலா அளவு எடுக்குறீங்க" என்று சிரித்தாள். வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார் என்று சொன்னதும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். "குடுத்து வச்சவக்கா நீங்க" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது வயதுக்குக் கொஞ்சம்தான் குறைவு, இந்த வயதில் வெட்கம் என்ன வேண்டியிருக்கிறது.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நீங்கள் என் அளவைக் கேட்டது இதுதான் முதல் தடவை. சேலையாக வாங்கி வருவீர்கள், சேலைக்கு எதற்கு அளவு. சுடிதாரா, வேறு ஏதாவது கடற்கரைத் துணியா என்று நான் கேட்க மாட்டேன். ரொம்ப வெளுப்பாக மட்டும் வேண்டாம். நான் கறுப்பு.

லீவு கிடைத்துவிட்டது. நான் எதிர்பார்க்கவேயில்லை. சார் முதலில், "டிசம்பர்ல லீவு கேக்குறது நியாயமா விஜயராணி? எல்லா ரூமும் புக்காகிக் கெடக்கு" என்றார். நான் நகராமல் நின்றுகொண்டே இருந்தேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து, "எங்க போற?" என்றார். புருஷனிடம் போகிறேன், ஒன்பது வருஷமாக உங்களிடம் ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை என்றேன். கணக்குப் பார்த்தாரோ என்னவோ, சரி என்றுவிட்டார். ஒய்யம்மாளைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஒய்யம்மாளுக்கு ரூம் சாவி, துணிக் கணக்கு, எந்த ஹீட்டரில் எதைத் திருகினால் தண்ணீர் சுடும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று. அவள் என்னைக் கிண்டல் செய்கிறாள். "அக்கா, அங்கன போயி விரிச்சு வச்ச பெட்டைப் பாத்ததும் கை சும்மா இருக்காது. உதறி விரிச்சுட்டுத்தான் உக்காருவ" என்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன் என்று அவளிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிலோனிலிருந்து கப்பலில் வந்த நாளிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. "தீவுல என்னா இருக்குன்னு போற? நாங்க ஒரு தீவ விட்டுத்தானே வந்தோம்" என்றார். ஆனால் மறுநாள் பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி அண்ணனிடம் "மக பிளேன்ல போகுது" என்று அவராகவே சொன்னாராம்.

மாமா, நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் எதையோ எண்ணிக்கொண்டு காத்திருக்கிறேன். இன்னும் முப்பத்தெட்டு நாள்.

உங்கள்
ராணி


மாலத்தீவு
29.11.2024

அன்புள்ள ராணிக்கு,

உன் லெட்டர் வந்ததிலிருந்து பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

டிக்கெட் எடுத்துவிட்டேன், அனுப்பியிருக்கிறேன். அதில் மாற்றம் இல்லை.

ரூமைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. மேனேஜர் அதைச் சும்மா தரவில்லை. டிசம்பரில் லாண்டரியில் நாலு பேர் குறைகிறார்கள். "உன் மனைவி என்ன வேலை செய்கிறாள்" என்று கேட்டார். காட்டேஜில் ரூம், பெட்ஷீட் எல்லாம் அவள்தான் பார்க்கிறாள் என்றேன். அப்படியானால் அந்த எட்டு நாளும் துண்டு மடிக்க வரட்டும், ரூம் தருகிறேன் என்றார். நான் சரி என்றுவிட்டேன்.

காலை எட்டிலிருந்து நாலு வரைதான். அதற்கு மேல் நம் நேரம். எனக்கும் முழு லீவு கிடைக்கவில்லை, சாயங்கால டூட்டியை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஐந்து மணிக்குக் கடற்கரையில் உட்காரலாம். ஸ்டாஃப் போவதற்கென்று பின்பக்கம் ஓர் இடம் இருக்கிறது.

உன் அளவை ஹோட்டல் ஸ்டோரில் கொடுத்திருந்தேன். யூனிஃபார்ம் தைத்து வந்துவிட்டது. வெளிர் நீலச் சட்டை, கருப்பு பேன்ட், ஷூ. கருப்பு சாக்ஸ் மட்டும் ரெண்டு ஜோடி எடுத்து வா. ஏர்போர்ட்டில் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல். வேலை என்ற பேச்சு வாயில் வரக்கூடாது.

உனக்குக் கோபம் வரும். கொஞ்சம் யோசித்துப் பார். இது நமக்கென்ன புதிதா? சிலோன் தேயிலை எஸ்டேட்டில் புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் பேர் பதிந்தால்தான் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, ஒரே ஒரு அறை, கிடைக்கும் என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒண்டியாளுக்கு ரூம் கிடையாது. அப்படித்தான் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். இதுவும் அது போலத்தான். உனக்கும் சும்மா உட்கார்ந்தால் கால் வலிக்கும்.

வந்துவிடு ராணி.

உன்
யோகராஜ்


பேத்துப்பாறை
03.12.2024

மாமாவுக்கு,

லெட்டரைக் காட்டேஜ் வாசலில் நின்று படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் ஆறு ரூம் சுத்தம் செய்தேன். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

நான் அந்த அளவை எடுக்கப் போனபோது புதுப் பாடி போட்டுக்கொண்டு போனேன். டெய்லர் முன்னால் கிழிசல் தெரியக்கூடாது என்று. நீங்கள் அதை ஸ்டோரில் கொடுத்தீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வேலை செய்யக் கூப்பிட்டதுகூடப் பெரிதில்லை. முதல் லெட்டரிலேயே "ராணி, இப்படி ஒரு வேலை இருக்கிறது, ரூம் தருவார்கள், வருகிறாயா" என்று கேட்டிருந்தால், யாருக்குத் தெரியும், வந்தாலும் வந்திருப்பேன். நான் கேட்டதற்கு நீங்கள் "பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதினீர்கள். நான் அதை நம்பினேன்.

அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். காம்பரா என்று நீங்கள் எழுதியதையும் படித்துக் காட்டினேன். அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "ஆமா, ஆணும் பொண்ணும் பேர் பதிஞ்சாத்தான் காம்பரா. எங்கம்மா காச்சலோட மலைக்கிக் கொழுந்து பறிக்கப் போவா, இல்லாட்டி கங்காணி சாமானத் தூக்கி வெளிய வச்சிருவான். அது இருக்கக்கூடாதுன்னுதான் கப்பல் ஏறுனோம். மருமகனுக்கு அது நல்லதாத் தெரியுதா?" என்றார். உங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் உங்களுக்காகப் பேசியிருப்பேன்.

நான் வரவில்லை. டிக்கெட்டை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள்.

விஜயராணி


மாலத்தீவு
11.12.2024

அன்புள்ள ராணி,

உன் லெட்டரைப் படித்துவிட்டு நேராக மேனேஜரிடம் போய், என் மனைவி வந்தால் வேலை செய்ய மாட்டாள் என்றேன். அப்படியானால் ரூம் இல்லை என்றார். ரூம் போய்விட்டது. டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். நீ வரச் சம்மதித்தாலும் இப்போது உன்னைத் தங்க வைக்க எனக்கு இடம் இல்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ படிக்காமல் தாண்டிவிடுவாய். அதனால் உள்ளதை எழுதுகிறேன். இதைப் போனில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

மேனேஜர் உன்னை வேலைக்குக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. உன்னை வரச்சொல்லி முதல் லெட்டர் எழுதிய அன்றைக்கே எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எட்டு நாள், ஒரு ரூம், நீயும் நானும். என்ன பேசுவோம்? போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் டீ குடித்தோம். எட்டரை மணிக்கெல்லாம் பேச்சு தீர்ந்துவிட்டது. நீ மாவு அரைக்கப் போனாய். அரைக்க வேண்டிய தேவையே இல்லை, மாவு இருந்தது. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வாழைக்கன்று வெட்டப் போனேன். சாயங்காலம் வரை வெட்டினேன். அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வையும் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

வீடு கட்டி முடித்ததும் வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்றேன். கட்டி முடித்து நாலு வருஷம். கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம் இதுதான். இங்கே காலையில் எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் தெரியவில்லை.

வேலை இருந்தால் சாயங்காலம் அதைப் பற்றியாவது பேசலாம் என்று நினைத்தேன். இவ்வளவு துண்டு, இவ்வளவு முட்டை என்று. உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. ஏமாற்றத்தான் செய்தேன், அது வேறு.

மே மாதம் வழக்கம் போல் வரட்டுமா? நீ சொன்னபடி செய்கிறேன்.

யோகராஜ்


பேத்துப்பாறை
27.12.2024, வெள்ளி

மாமாவுக்கு,

உங்கள் லெட்டருக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. நான் லீவில் இருந்தேன்.

ஆமாம், லீவை விடவில்லை. சாரிடம் போய், ஊருக்குப் போகவில்லை, ஆனால் அந்த எட்டு நாள் வேண்டும் என்றேன். "போகாம என்னத்துக்கு லீவு? வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போற?" என்றார். உட்காரத்தான் போகிறேன் என்றேன். ஒய்யம்மாள் உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். அவருக்கு வேறு வழியில்லை.

முதல் நாள் வீட்டில் இருந்த துணி அத்தனையும் துவைத்துவிட்டேன். ரெண்டாம் நாள் துவைக்க ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கை பதறியது. நீங்கள் எழுதியது எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வரை தூங்கினேன். அப்பா வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம்.

கிறிஸ்துமஸ் காலையில் செண்பகனூர் சர்ச்சுக்குப் பூசைக்குப் போனேன். வழியெல்லாம் வெளியூர்க் கார், பஸ் ஒன்றரை மணி நேரம் நின்றது. சுற்றி இருந்தவர்கள் டிரைவரைத் திட்டினார்கள். எனக்கு வெரசாப் போக ஒரு சோலியும் இல்லை, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். பூசை முடியும் தறுவாயில்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஹோட்டலில் சாப்பிட்டேன். ஒரு பையன் இலை போட்டுப் பரிமாறினான், அவனே எடுத்தான். நான் எழுந்து கை கழுவினதோடு சரி. அந்தச் சாப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

மாமா, நான் எழுத வந்தது வேறு. முதல் மூன்று நாள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன், நீங்கள் ஏதாவது அனுப்பியிருக்கிறீர்களா என்று. நாலாம் நாள் அது எங்கே கிடந்தது என்றே தெரியவில்லை. ஆறாம் நாள்தான் எனக்கு உறைத்தது, நான் உங்களைத் தேடவில்லை. உங்களோடு சும்மா இருக்கத்தான் இந்த எட்டு நாளைக் கேட்டு வாங்கினேன். நீங்கள் இல்லாமல் அது நன்றாகவே போனது. இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் உள்ளதை எழுதினீர்கள், நானும் எழுத வேண்டும்.

மே மாதம் வழக்கம் போல் வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வழக்கம் போல் வேண்டாம். அந்த முப்பது நாளும் காலையில் காட்டேஜ், இரவில் உங்களுக்குச் சமையல், துணி, பெட்டி கட்டி அனுப்புவது என்று எனக்கு அது இன்னொரு சீசன். என்னால் ரெண்டு சீசனைத் தூக்க முடியவில்லை.

அந்த வேலையை விட்டுவிட்டு வருவதானால் வாருங்கள். பேச்சு எட்டரை மணிக்குத் தீர்ந்தால் தீரட்டும். பேசாமல் உட்கார்ந்திருப்போம். ரெண்டு நாள் கை பதறும், மூன்றாம் நாள் தூக்கம் வரும், நான் பார்த்துவிட்டேன். விட முடியாது என்றால் அங்கேயே இருங்கள். நான் யாரிடமும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ரெண்டில் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரம் இல்லை. எதுவானாலும் என்னால் இருக்க முடியும்.

நாளைக்கு நான் வேலைக்குப் போகிறேன்.

விஜயராணி